எட்டாம் ஹென்றியின் மணவழக்கு

இங்கிலாந்தை 1509 முதல் 1547 வரை ஆண்ட எட்டாம் ஹென்றி மன்னன் ஆறு பெண்டிரை மணந்தவன் என்பதும், முதல் மனைவியை மணவிலக்குச் செய்யும்பொருட்டே உரோமைத் திருச்சபையினின்றும் தன் நாட்டைப் பிரித்தான் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். பாடநூல்கள் பல இதனை ஒரு மன்னனது காமத்தின் கதையாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. யாம் ஈண்டு ஆராயப் புகுவது 'மணவிலக்கு' என்னும் அச்சொல்லையே. அஃது இவ்வழக்கிற்குப் பொருந்துவதன்று. மணவிலக்காவது நிகழ்ந்த மணத்தை முறித்தல். முறையே மணந்து கூடி வாழ்ந்த கிறித்தவரின் மணத்தை முறித்து மறுமணத்திற்கு வழிவிடுதற்கு அக்காலத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. ஆதலின், தனக்கும் கேத்தரினுக்கும் மணமே நிகழவில்லை என்னும் தீர்ப்பையே ஹென்றி வேண்டினான். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. பின்னர் விளைந்த அரசியல், சமய மாற்றங்களின் வடிவத்தை அறுதியிட்டது இதுவே என்பது எம் கருத்து.

கேத்தரின் இசுபெயின் நாட்டு அரசமகள். 1501 நவம்பரில் ஹென்றியின் தமையனாகிய ஆர்தருக்கு மணம் செய்விக்கப்பெற்றாள். ஐந்து திங்கள் நிரம்புமுன், 1502 ஏப்பிரலில், ஆர்தர் இறந்தான். இசுபெயினின் உறவை இழக்க விரும்பாத தந்தை ஏழாம் ஹென்றி, கைம்பெண்ணாகிய அவளை இளைய மகனுக்கே மணம் பேசினான். உடன்பிறந்தான் மனைவியை மணத்தல் விலக்கப்பட்டதாதலின் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் 1503-ஆம் ஆண்டு நாளிட்ட ஆணையால் விதிவிலக்கு அளித்தார். 1509 சூன் 11-இல் மணம் நிகழ்ந்தது. பிறந்த மக்களுள் 1516-இல் தோன்றிய மேரி ஒருத்தியே உயிர் பிழைத்தாள். 1511-இல் பிறந்த ஆண்மகவு இரண்டு திங்களும் வாழவில்லை. தந்தை போரில் வென்று கைப்பற்றிய அரியணைக்கு ஆண் வழித்தோன்றல் இல்லையே என்னும் அச்சம் ஹென்றியைப் பற்றியது. ஆன் போலின்பால் அவன் கொண்ட வேட்கை அவ்வச்சத்தோடு சேர்ந்தது. இவ்விரண்டனுள் எது முந்தியது என்று வழக்காடுவோர் இன்றும் உளர். அவ்வாராய்ச்சி எமக்கு அத்துணை இன்றியமையாததாகத் தோன்றவில்லை.

வழக்கின் உயிர்நிலை ஓர் உரைப்போர். பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் உடன்பிறந்தானின் மனைவியைக் கூடுதல் தகாது என விலக்குகின்றது; மீறியவர் மகப்பேறின்றி இருப்பர் எனவும் கூறுகின்றது. உபாகமமோ, மகவின்றி இறந்தவனின் மனைவியை அவன் உடன்பிறந்தானே மணந்து குடிவழி காக்கவேண்டும் என விதிக்கின்றது. தம்முள் மாறுபடுவனபோல் தோன்றும் இரு நூற்பாக்களை இயைத்துப் பொருள்காண வேண்டிய இடர் தமிழ் உரைநூல் பயின்றார்க்குப் புதியதன்று. முதலாவது உடன்பிறந்தான் உயிரோடிருக்குங்கால் பொருந்தும், மற்றையது அவன் மகவின்றி இறந்தபின் பொருந்தும் என்று பிரித்துப் பொருள்கொள்ளுதல் ஒரு நெறி. கேத்தரின் பக்கம் நின்ற ஆயர் ஜான் பிஷர் முதலியோர் உபாகமத்தின் துணைகொண்டே மணத்தின் தூய்மையை நிறுவினர். லேவியராகமத்தின் விலக்கு இறைவன் விதித்தது, எக்காலத்தும் எவரையும் கட்டுவது, உபாகமத்தின் விதி யூதர்க்கே உரிய பழஞ்சடங்கு என்பது மன்னன் பக்கத்தார் உரை. மேரி உயிரோடிருக்க 'மகப்பேறின்றி' என்பது எவ்வாறு பொருந்தும் என்னும் தடைக்கு, அவ்விடத்து மகவு என்றது ஆண்மகவையே என விடை இறுத்தனர். இஃது உரைவன்மையேயன்றி உரைநேர்மை ஆகாது.

இவ்வகைத் தீர்ப்புகளை உரோமை அதற்குமுன் வழங்காததன்று. பிரெஞ்சு மன்னன் பன்னிரண்டாம் லூயி 1498-இல் அவ்வாறு விடுதலை பெற்றான். ஹென்றியின் தமக்கை மார்கரெட்டும் 1527-இல் தன் இரண்டாம் மணம் செல்லாதென்னும் தீர்ப்பை உரோமையிலேயே பெற்றாள். ஹென்றிக்கு மட்டும் அது கிட்டாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று அனைவரும் கூறுவது: 1527 மே திங்களில் பேரரசன் ஐந்தாம் சார்லசின் படை உரோமை நகரைச் சூறையாடிப் போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்டைச் சிறைவைத்தது, அப்பேரரசன் கேத்தரினின் தமக்கை மகன். மற்றொன்று வழக்கின் அமைப்பிலேயே உள்ளது. ஜூலியசின் ஆணையில் வாசகக் குறைகளைச் சுட்டி வழக்காடும் வழியும் ஒன்று இருந்தது. ஹென்றி அதனையே பற்றிநில்லாது, இறைவிதிக்கு விலக்களிக்கப் போப்பாண்டவர் எவர்க்கும் அதிகாரமில்லை என்பதனையே தன் வழக்கின் முதுகெலும்பாகக் கொண்டான். தம் இருக்கைக்கு அவ்வதிகாரம் இல்லையென்று அவ்விருக்கையில் அமர்ந்தவரே எழுதித் தரவேண்டும் என்று கேட்பதாயிற்று இது. சார்லசின் படை இல்லாதிருந்தாலும் கிளமெண்டுக்கு இஃது எளிதன்று.

1529-இல் இலண்டனில், கர்தினால் உல்சியும் உரோமையினின்று வந்த கர்தினால் காம்பெஜியோவும் தலைமை தாங்கிய மன்றம் கூடியது. சூன் 21-இல் கேத்தரின் மன்னன் காலடியில் மண்டியிட்டு, தான் கன்னியாகவே அவனை வந்தடைந்ததை அவன் உள்ளம் அறியும் எனக் கூறி, உரோமைக்கே முறையிடுவதாக உரைத்து வெளியேறினாள், அழைத்தும் திரும்பவில்லை. இக்காட்சியைப் புலவர்கள் அவலச்சுவைக்கே பயன்படுத்தியுள்ளனர். ஆனால் அவள் சொற்கள் சட்டக் கூர்மை உடையன என்பது கருதற்பாலது. ஆர்தரோடு கூட்டம் நிகழவில்லையெனின் லேவியராகமத்தின் விலக்கே அவளைத் தொடாது. சூலைத் திங்களில் மன்றம் தீர்ப்பின்றிக் கலைந்தது. வழக்கு உரோமைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே உல்சி பதவி இழந்தான். பின்னர், பாரிசு, பொலோனா, பதுவா முதலிய பல்கலைக்கழகங்களின் கருத்துகளை 1530-இல் மன்னனின் ஆட்கள் திரட்டினர். அவற்றைத் திரட்டுவதில் பொன்னும் அச்சமும் வேலை செய்தன என்பதனைப் பல்கலைக்கழகத்தினராகிய யாம் சற்று நாணத்தோடு குறிக்கின்றோம்.

மணமின்மையைக் கூற ஒரு நீதிமன்றம் வேண்டும். அதன் தீர்ப்புக்குமேல் முறையீடு இருத்தலாகாது. இத்தேவையே ஆங்கில அரசின் வடிவத்தை மாற்றியது. வெறும் மணவிலக்காயின் மன்னன் ஆணையொன்றால் முடித்திருக்கக்கூடும். மணமின்மையோ சமய நீதியின் எல்லையைச் சார்ந்தது. 1532 மே திங்களில் குருமார் தம் சட்டமியற்றும் உரிமையை மன்னனுக்குப் பணித்தனர். மறுநாள் தாமஸ் மோர் தலைமை அமைச்சர் பதவியைத் துறந்தார். 1533-இல் பாராளுமன்றம் இயற்றிய முறையீட்டுத் தடைச்சட்டம் இங்கிலாந்தை ஒரு பேரரசு என அறிவித்து, மண வழக்குகள் நாட்டினுள்ளேயே முடிவுபெற வேண்டும் என விதித்தது. அதனை வரைந்தவருள் முதன்மையானவன் தாமஸ் குரோம்வெல். அவ்வாண்டு மே 23-இல் பேராயர் கிரான்மர் கேத்தரினின் மணம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். ஆனால் ஹென்றி ஆன் போலினைச் சனவரியிலேயே மறைவாக மணந்துவிட்டான்! மணவிலக்கு என்று கொண்டால் இது மனைவி இருக்க மற்றொருத்தியை மணந்த குற்றமாம். மணமின்மை என்று கொண்டாலோ, இருபத்துமூன்று ஆண்டுகள் அரசியோடு வாழ்ந்த மன்னன் அந்நாள்வரை மணமாகாதவன் ஆகின்றான். ஹென்றிக்கு இப்பின்னது இன்றியமையாததாயிற்று. செப்டம்பர் 7-இல் பிறந்த மகவு பெண். எலிசபெத்து எனப் பெயர் பெற்றாள்.

1534 மார்ச்சில் கிளமெண்ட் கேத்தரினின் மணம் செல்லும் எனத் தீர்ப்பு வழங்கியபோது காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் மன்னனே ஆங்கிலத் திருச்சபையின் தலைவன் எனச் சட்டமாயிற்று. புதிய அரசுரிமைச் சட்டத்திற்கு உறுதிமொழி அளிக்க மறுத்த பிஷரும் மோரும் சிறைப்பட்டு, மன்னனின் தலைமையை மறுத்தவரென 1535-இல் தலை துணிக்கப்பட்டனர். 1536 முதல் 1540 வரை ஏறத்தாழ 800 துறவியர் மடங்கள் மூடப்பட்டன. அவற்றின் நிலங்கள் மன்னனிடமிருந்து பெருங்குடியினர் கைக்குச் சென்றமையால், பிற்காலத்தே உரோமைக்குத் திரும்ப விரும்பிய மேரியாலும் அவற்றை மீட்க இயலவில்லை. கொள்கையிலோ ஹென்றி இறுதிவரை பெரிதும் பழஞ்சமயத்தினனே. 1539-இல் இயற்றிய ஆறு கட்டளைச் சட்டம் குருமாரின் மணத்தைத் தடுத்தது. 1540 சூலை 30-இல் ஒரே நாளில், லூத்தர் நெறியினர் மூவர் எரிக்கப்பட்டனர். போப்பாண்டவர் நெறியினர் மூவர் அரசவஞ்சகரெனத் தூக்கிலிடப்பட்டனர். பின்னவருள் ஒருவர் தாமஸ் ஏபெல். அவர் கேத்தரினின் குரு. அவள் மணத்தை நிலைநாட்ட நூல் எழுதியவர். இலண்டன் கோட்டையில் அவர் இருந்த அறையின் சுவரில், தம் பெயரைக் குறிக்க 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தை ஒரு மணியின்மீது செதுக்கினார்; ஆங்கிலத்தில் 'பெல்' என்றால் மணி. அது இன்றும் காணக்கிடைக்கின்றது.

கேத்தரினோ, 'ஆர்தரின் கைம்பெண்' என்னும் பட்டத்தை ஏற்க இறுதிவரை மறுத்து, 1536 சனவரி 7-இல் கிம்போல்டனில் இறந்தாள். அவ்வாண்டு மே 17-இல் ஆன் போலினின் மணமும் செல்லாதென்று கிரான்மர் கூறினார்; இரண்டு நாள் கழித்து அவள் கொல்லப்பட்டாள். மணமே இல்லையெனின் கணவனுக்கு அவள் இழைத்த கற்புப்பிழை யாது என்னும் வினாவை அம்மன்றத்தில் எவரும் எழுப்பத் துணியவில்லை. ஜேன் சீமோர் 1537-இல் எட்வர்டைப் பெற்றுப் பன்னிரண்டு நாளில் இறந்தாள். கிளீவ்ஸ் நாட்டு ஆனுடன் 1540 சனவரியில் நிகழ்ந்த மணமும் சூலையில் செல்லாதாயிற்று. அதனைக் கூட்டுவித்த குரோம்வெல் தலையிழந்தான். ஆக, ஆறு மணங்களுள் மூன்று நிகழாதனவாக அறிவிக்கப்பட்டன.

மணமின்மையின் சுமை மக்கள்மேல் வீழ்ந்தது. பெற்றோர் மணமின்றி இருந்தனர் எனின் மேரியும் எலிசபெத்தும் முறையில் பிறந்தவராகார். 1544-இல் நடைமுறைக்கு வந்த அரசுரிமைச் சட்டம், அவ்விழுக்கை நீக்காமலேயே இருவரையும் எட்வர்டுக்குப்பின் அரசுரிமை பெறுவோராக வைத்தது. பிறப்பு தராத உரிமையைப் பாராளுமன்றம் தந்தது. 1553-இல் அரியணை ஏறிய மேரி, தன் முதற் பாராளுமன்றத்திலேயே தன் தாயின் மணம் செல்லும் எனச் சட்டம் செய்வித்தாள். எலிசபெத்து அவ்வழி செல்லவில்லை. 1559-இல் அவள் தன் உரிமைக்குச் சான்றாகக் காட்டியது தந்தை காலத்துச் சட்டத்தையே. தாயின் மணத்தைப் பற்றிய 1536-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தன் நாற்பத்துநான்கு ஆண்டு ஆட்சியில் அவள் நீக்குவிக்கவே இல்லை.