நகரத்தின் கணக்கேடு யாருடையது?

உள்ளூராட்சி மன்றங்கள் தமது தரவுகளை இணையத்தில் திறந்து வைப்பதைக் கணினி யுகத்தின் கொடையாகவே பலரும் கருதுகின்றனர். நியூயோர்க் நகரின் வரலாற்றைப் புரட்டினால், இதன் வேர் கணினிக்கு மிக முந்தியது என்பது புலனாகும்.

1860களின் பிற்பகுதியில் அந்நகர நிர்வாகம் வில்லியம் ட்வீட்டினதும் அவரது கூட்டாளிகளினதும் பிடியில் இருந்தது. புதிய நீதிமன்றக் கட்டடத்தின் பெயரில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட டொலர்கள் செலவாகின. அதில் பெரும் பங்கு, ஊதிப் பெருப்பித்த பற்றுச்சீட்டுகளின் வழியாக அவர்களையே சென்றடைந்தது. 1871 ஜனவரியில் கணக்காய்வாளர் ஜேம்ஸ் வொட்சன் பனிவண்டி விபத்தொன்றின் விளைவாக உயிரிழந்தார். பின்னர் கணக்குப் பதிவுப் பணியில் அமர்ந்த மத்தியூ ஓ'ரூர்க், ஏடுகளை இரகசியமாகப் பிரதி செய்தார். அவ்வாண்டு ஜூலையில் நியூயோர்க் ரைம்ஸ் அக்கணக்குகளை வெளியிட்டது. குடியேறிய மக்களுக்காக ஜேர்மன் மொழியிலும் அச்சிட்டது. ட்வீட் 1878இல் சிறையிலேயே மாண்டார். அவரை வீழ்த்தியதில் ஆசிரியத் தலையங்கங்களை விட அந்த எண்வரிசைகளுக்கே கூடிய பங்குண்டு என்பது, பத்திரிகையாளனான எனது துணிபு.

ஓர் ஊழியரின் துணிச்சலையும் ஒரு மரணத்தையும் நம்பி நகரத்தின் நேர்மை இருத்தலாகாது. 1873இல் 'சிற்றி ரெக்கோர்ட்' எனும் அதிகாரபூர்வ நாளேடு தொடங்கப்பட்டமை இப்பாடத்தின் விளைவே. ஒப்பந்தங்களும் ஊழியர் சம்பளங்களும் அதில் அச்சேறின. ஆயினும் அச்சிட்ட பட்டியலைக் கூட்டிப் பார்ப்பதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

அக்குறையை 2012 மார்ச்சில் மேயர் மைக்கேல் புளூம்பேர்க் ஒப்பமிட்ட 11ஆம் இலக்கச் சட்டம் நோக்கியது. நகரத் திணைக்களங்களின் பொதுத் தரவுகள் ஒரே இணையத்தளத்தில், கணினி வாசிக்கக்கூடிய வடிவில் இடப்பட வேண்டுமென அது விதித்தது. இவ்வடிவமே இங்கு முக்கியமானது. தாளின் புகைப்படத்தை நாம் வாசிக்கலாம், அட்டவணையையோ கணக்கிடலாம்.

அதன் பயனை 2016இல் பென் வெலிங்டன் காட்டினார். குறுக்குக் கடவையோடு இணையாத நடைபாதைச் சரிவுகளின் முன் வாகனம் நிறுத்துவதை 2008இன் இறுதியில் நகரம் அனுமதித்திருந்தது. ஆயினும் பொலிஸார் தண்டச் சீட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. திறந்த தரவிலிருந்து இதைக் கண்டறிந்த அவர், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 17 இலட்சம் டொலர் தவறாக விதிக்கப்படுவதாக மதிப்பிட்டார். பொலிஸ் திணைக்களம் தவறை ஏற்றுக்கொண்டது. இம்முறை எவரும் ஏட்டைக் களவாகப் பிரதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

எமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. எனினும் விண்ணப்பித்தவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அவரது கடித உறையோடு நின்றுவிடுகிறது. கேட்பவருக்கு மட்டும் காட்டப்படும் கணக்கு, இன்னமும் சபையின் கணக்காகவே இருக்கிறது; ஊரின் கணக்காகவில்லை.