தாஜ்மஹாலின் கல்லும் எங்கட குசினி மேடையும்

போன கிழமை மாமி வீட்டுக்குப் போனேன். புதுக் குசினி மேடைக்கு வெள்ளை மாபிள், கண்ணாடி மாதிரிப் பொலிஷ். ஆனால் தேசிக்காய் வெட்டிய இடத்தில் மங்கலாக ஒரு தழும்பு. "எவ்வளவு தேய்ச்சும் கறை போகுதில்ல மகன்" என்றார். அது கறையல்ல, கல்லே அரிபட்டிருக்கிறது.

மாபிள் என்பது கல்சியம் காபனேற்று. அமிலம் பட்டால் கரையும் என்று சாதாரண தரப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஷாஜஹான் 1632இல் கட்டத் தொடங்கிய தாஜ்மஹாலுக்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்த கல்லும் இதே இனம்தான். ஆக்ராவைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் நிலக்கரிப் புகை அதைக் கெடுக்கிறதென்று வழக்கு நடந்தது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், 292 தொழிற்சாலைகள் ஒன்றில் இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடம்மாற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே காற்றிலிருந்த அமிலம். இங்கே நாங்கள் கையாலேயே பிழிகிறோம்.

இத்தாலியின் கராராவில் ரோமர் காலந்தொட்டு மாபிள் வெட்டுகிறார்கள். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை அந்தக் கல்தான். சிலைக்குப் பக்கத்தில் யாரும் புளி கரைப்பதில்லையே!

மாபிள்தான் வேண்டுமென்றால் பொலிஷ் இல்லாத மட் பினிஷ் எடுங்கள். அரிப்பு அதிலும் வரும், ஆனால் அவ்வளவாகத் தெரியாது. மஞ்சளும் எண்ணெயும் சற்றுச் சுலபமாக ஊறும். அதற்கு சீலர் பூச வேண்டும். சீலர் கறையைத்தான் தடுக்கும், தேசிக்காயை அல்ல. கல் வாங்கும்போது மாமிக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் கிரனைட்.

மேடையைத் தேய்த்து மட்டாக்கித் தர பாஸிடம் பேசியிருக்கிறேன்.