ஏழு வருஷ டைம்-அவுட்

மக்களே, தலைப்பைப் பார்த்து டெக்னிக்கல் மொக்கைன்னு ஓடிடாதீங்க. இதுல கொஞ்சம் கம்ப்யூட்டர், கொஞ்சம் சட்டம், மீதியெல்லாம் எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக் கடல்.

பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு அசிங்க்ரனஸ் புரோகிராமிங் தெரிஞ்சிருக்கும் (சுருக்கமா 'அசிங்க்'. அசிங்கம் இல்லீங்க!). ஒரு வேலையை அனுப்பிட்டு, பதில் வர்றதுக்குள்ள அடுத்த வேலையைப் பார்ப்போம். பதில் வரலைன்னா? எவ்வளவு நேரம் பொறுக்கறதுன்னு ஒரு கெடு வைப்போம். அதான் டைம்-அவுட். 1985ல ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன்னு மூணு பேர் ஒரு கட்டுரை போட்டாங்க. சேதி எப்ப வந்து சேரும்னு உறுதியே இல்லாத அமைப்பில், ஒருத்தர் செத்துட்டாரா இல்ல மெதுவா வர்றாரான்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது என்பதுதான் அவங்க நிரூபணத்துக்கு அடிப்படை.

இதைக் கணக்குப் போடாமலே தெரிஞ்சு வெச்சிருக்கிறவங்க எங்க ஊர்ல இருக்காங்க.

நாஞ்சில் நாடுன்னதும் வயலும் குளமும்தான் ஞாபகம் வரும். மாவட்டத்தின் மேற்குக் கோடிக்குப் போனீங்கன்னா தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடின்னு வரிசையா கடற்கரை ஊர்கள். ஆழ்கடல்ல சுறா பிடிக்கிறதுல பேர் போனவங்க. கிளம்பினா திரும்பி வர வாரக்கணக்கு ஆகும், சில சமயம் ஒரு மாசம்கூட. அதுவரைக்கும் வீட்டுக்குச் சேதி கிடையாது.

2017 நவம்பர் 29ல இலங்கைக்குப் பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் உருவாச்சு. மறுநாள் 30ம் தேதி முற்பகலே குமரிக் கடல்ல அது ஒக்கி புயல். ஒரே நாள்தான். எச்சரிக்கை வந்தப்ப இந்தப் படகுகள் எல்லாம் என்னிக்கோ கிளம்பிப் போயாச்சு.

இங்கதான் கேன்சலேஷன் விஷயம் வருது. ஓடிக்கிட்டிருக்கிற வேலையை வெளியில இருந்து பட்டுன்னு நிறுத்தினா குளறுபடி ஆகும். ஜாவாவில் திரெட்டை அப்படி நிறுத்துற 'ஸ்டாப்' முறையை 1998லயே வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்க. இன்னிக்கு கேன்சல்னா அது ஒரு வேண்டுகோள்தான். அந்த வேலை நடுநடுவுல நின்னு "யாராவது கூப்பிட்டாங்களா"ன்னு காது குடுக்கணும். குடுத்தாத்தான் நிறுத்த முடியும். "திரும்பி வாங்க"ன்னு கரையில சொன்னாங்க. ஆனா படகுல இருந்த வயர்லெஸ்ஸுக்கு எட்டுற தூரம் கொஞ்சம்தான். அதுக்கு அப்பால இருந்தவன் காதுல அது எப்படி விழும்?

அப்புறம் காத்திருப்பு. டிசம்பர் 2ம் தேதி, 68 படகுகள்ல 952 பேர் மகாராஷ்டிராவில் சிந்துதுர்க் கரையில பத்திரமா ஒதுங்கிட்டாங்கன்னு சேதி வந்தது. தாமதமா, எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்த பதில். தேடறதை அதுக்கு முன்னாடியே முடிச்சுக்கலாமான்னு யாராவது கேட்டிருந்தா என்ன சொல்றது? டிசம்பர் 7ம் தேதி ஆயிரக்கணக்கான பேர் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்துல உட்கார்ந்ததுக்குக் காரணம் இதுதான். தேடலை நிறுத்தாதே. டைம்-அவுட் போடாதே.

ஆனா நிறைய பேர் திரும்பி வரவே இல்லை.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1872ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டம், 108வது பிரிவு. ஒருத்தர் உயிரோட இருந்தா யாருக்கெல்லாம் இயல்பா சேதி தெரிஞ்சிருக்குமோ, அவங்களுக்கு ஏழு வருஷமா ஒண்ணுமே தெரியலைன்னா, "அவர் உயிரோட இருக்கார்"னு சொல்றவர்தான் அதை நிரூபிக்கணும். 2024 ஜூலையில புதுச் சட்டம் வந்த பிறகும் 111வது பிரிவா அதே ஏழு வருஷம்தான்.

கவனிங்க, "செத்துட்டார்"னு சட்டம் அடிச்சுச் சொல்லலை. நிரூபிக்கிற பாரத்தைத்தான் மாத்தி வைக்குது. நல்ல டைம்-அவுட் செய்ய வேண்டியதும் இதுதான்.

இந்த ஏழுக்கு வேர் இங்கிலாந்துல. 1604ல இருதார மணத் தடைச் சட்டத்தில், துணை கடல் கடந்து போய் ஏழு வருஷம் ஆகியிருந்தா மறுமணம் குற்றமில்லைன்னு விலக்கு குடுத்தாங்க. 1666ல சொத்து சம்பந்தமா இன்னொரு சட்டம். அதுலயும் ஏழு வருஷம்தான், ஆனா ஆள் உயிரோட வந்துட்டா சொத்தைத் திருப்பிக் கேட்கலாம். லேட்டா வந்த பதிலை என்ன செய்யறதுன்னுகூட யோசிச்சிருக்காங்க பாருங்க!

கப்பல் பாய்மரத்துல ஓடின காலத்துக்கு ஏழு வருஷம் நியாயம். புயல்ல போன மீனவனுக்கு? ஏழு வருஷம் இறப்புச் சான்றிதழ் இல்லைன்னா நிவாரணம் இல்லை, பேங்க் கணக்கை மாத்த முடியாது, படகுக் கடன் மட்டும் வளரும். அதனாலதான் 2004 சுனாமிக்குப் பிறகும் ஒக்கிக்குப் பிறகும் அரசாங்கமே இந்தக் கெடுவைத் தளர்த்த வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு 20 லட்சம்னு அறிவிச்சாங்க.

இன்டர்நெட் இந்தப் பாடத்தை 1988ல படிச்சுது. எல்லாருக்கும் ஒரே கெடு வெச்சா சரிப்படாது, பதில் வர சராசரியா எவ்வளவு ஆகுது, அது எவ்வளவு ஏறி இறங்குதுன்னு அளந்து கெடுவை மாத்திக்கிட்டே இருக்கணும்னு வான் ஜேக்கப்சன் சொன்னார். சாயங்காலம் போய் காலையில திரும்புற வள்ளத்துக்கு ஒரு பகல் தாமதமே பயம். தூத்தூர் படகுக்கு இருபது நாள் ஒண்ணுமே இல்லை. கரையில இருக்கிற பெண்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். சட்டப் புத்தகத்துல மட்டும்தான் ரெண்டுக்கும் ஒரே ஏழு.

இதைவிட நல்ல வழி, கெடுவையே நம்பாம, "இருக்கேன், இருக்கேன்"னு நேரத்துக்கு ஒரு துடிப்பு அனுப்பச் சொல்றது. 2024 ஆகஸ்ட் 30ல, ஒரு லட்சம் படகுகள்ல செயற்கைக்கோள் வழியா ரெண்டு பக்கமும் சேதி போற கருவி பொருத்துற திட்டத்தை மத்திய அரசு தொடங்கி வெச்சது. படகு இருக்கிற இடம் கரைக்குத் தெரியும், புயல் சேதி படகுக்குப் போகும். டைம்-அவுட், கேன்சல் ரெண்டுக்கும் ஒரே மருந்து. ஒக்கிக்கு ஆறு வருஷத்துக்கு மேல கழிச்சு.

நம்ம புரோகிராம்ல டைம்-அவுட் அடிச்சா மறுபடி ஒருதரம் அனுப்பிப் பார்ப்போம். அடுத்த முறை அந்த நம்பரை யோசிக்காம '30 செகண்ட்'னு தட்டும்போது, எதிர்ப்பக்கம் மெதுவா வந்துக்கிட்டிருக்கிறவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. உங்க ஊர்க் கடலோரத்துல இதுக்கு வேற கணக்கு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.