இரும்பாலை தந்த வாயு

கொள்முதல் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விலை கூடிய சரக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். சில்லறைச் சரக்கை ஒரே ஆளிடம் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். வாழ்நாளெல்லாம் அந்த நாற்காலியில் இருந்த எனக்கு, சிப் தொழிலில் நியான் பட்ட பாடு புதிதாகவே தெரியவில்லை.

சிலிக்கான் தகட்டில் நுண்கோடுகளைப் பதிக்க எக்சைமர் லேசர் வேண்டும். ஒளி பிறப்பது ஆர்கான் அல்லது கிரிப்டான் ஃப்ளூரினோடு சேரும்போது. ஆனால் லேசருக்குள் இருக்கும் வாயுவில் 95 சதவீதத்துக்கும் மேல் நியான்தான். காற்றில் அது பத்து லட்சத்தில் 18 பங்கு. அதற்காக மட்டும் காற்றைக் குளிரவைத்துப் பிரித்தால் கட்டுப்படியாகாது. இரும்பாலைக்கு ஆக்சிஜன் எடுக்கும்போது உபரியாக வருவதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சோவியத் ஒன்றியம் ராட்சத இரும்பாலைகளையும் அவற்றுக்கான ஆக்சிஜன் ஆலைகளையும் கட்டியது. 1991-ல் நாடு சிதறியது, ஆலைகள் மிஞ்சின. அங்கே கிடைத்த கச்சா நியானை ஒடேசாவில் கிரையோயினும் மரியுபோலில் இன்காஸும் சுத்திகரித்து விற்றன. சிப் தரத்து நியானில் உலகத் தேவையின் ஏறக்குறைய பாதி உக்ரைனிலிருந்தே போனது. சல்லிசாகக் கிடைத்ததால் எந்த நிதி அதிகாரியும் செலவுக் கணக்கில் அந்த வரியில் பேனாவை வைக்கவில்லை.

2014-ல் ரஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டதும் விலை பல மடங்கு எகிறியது. அதுவரை ஒருமுறை ஓடிய வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் சிக்கனம் நினைவுக்கு வந்தது. லேசர் செய்யும் சைமரும் கிகாஃபோட்டானும் நியான் செலவைக் குறைக்கவும், வெளியேறும் வாயுவைச் சுத்தம்செய்து திரும்ப ஓட்டவும் வழி செய்தன. இன்று மறுசுழற்சி என்று நிறுவனங்கள் பச்சை அட்டை போட்ட அறிக்கைகளில் பெருமை பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். காற்றின் மேல் வந்த கரிசனமா அது? பில்லைப் பார்த்து வந்த பயம்!

2022-ல் உக்ரைனில் போர் மூண்டதும் கிரையோயின், இன்காஸ் இரண்டுமே உற்பத்தியை நிறுத்தின. விலை மறுபடி ஏறியது, ஆனாலும் சிப் ஆலைகள் நிற்கவில்லை. கையிருப்பு காப்பாற்றியது, சீனச் சரக்கு வந்தது. பணம் முடங்குகிறது என்று நிதிப் பிரிவு முகம் சுளிக்கும் அதே கையிருப்புதான்! தென்கொரியாவில் போஸ்கோ தன் குவாங்யாங் இரும்பாலையிலேயே நியான் எடுக்கத் தொடங்கியிருந்தது.

ஆக, ஊர் மாறியதே தவிர மூலம் மாறவில்லை. கரி உமிழ்வைக் குறைக்க எஃகு நிறுவனங்கள் ஊதுலையை விட்டு மின் உலைக்குப் போகின்றன. அதற்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டாம்; ஆக்சிஜன் எடுப்பது குறைந்தால் உபரியாக வரும் நியானும் குறையும். சிப் நிறுவனத்தின் கொள்முதல்காரர் இனி எஃகுத் தொழில் செய்திகளையும் படித்தாக வேண்டும்.