குழூஉக்குறியை விலைக்குக் கேட்டவர்கள்

நன்னூல் பாடம் சொல்லுகையில், தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் குழூஉக்குறியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆயினும் அவ்வகைக்குள் ஒரு சமூக உண்மை உறங்குகிறது. குழூஉக்குறி, பொருளை உணர்த்துவதற்காக மட்டும் பிறப்பதன்று; உள்ளிருப்பவர் யார், வெளியிலிருப்பவர் யார் என்று பிரித்துக் காட்டவும் பிறப்பது. கடைக்கு வந்தவருக்கும் 'பறி' விளங்கிவிட்டால் பொற்கொல்லர் வேறு சொல் தேட வேண்டியதுதான்.

இளைஞர்களின் பேச்சும் ஒரு குழூஉக்குறியே. வணிகர்களும் பத்திரிகைகளும் அதனைக் கைப்பற்ற முயன்ற கதைகள் பல. அவற்றுள் 1992இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிகழ்ந்தது தனிச்சுவை உடையது.

1980களின் இறுதியில் அந்நகரின் சிறிய அரங்குகளில் 'கிரஞ்ச்' என்னும் ராக் இசைவகை வளர்ந்தது. 'சப் பாப்' என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் அதற்குத் தாய்வீடு. அங்கிருந்து புறப்பட்ட நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில் வேறொரு பெருநிறுவனத்தின் வழியே வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தொகுப்பைக் கீழிறக்கி, அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. நாடே சியாட்டிலைத் திரும்பிப் பார்த்தது. அவ்வூர் இளைஞர்கள் பழைய துணிக்கடைகளில் மலிவாக வாங்கி அணிந்த கட்டம்போட்ட சட்டையைப் பட்டில் தைத்து, அதே ஆண்டு நவம்பரில் 'பெர்ரி எல்லிஸ்' நிறுவனத்தின் ஆடை அணிவகுப்பில் மேடையேற்றினார் மார்க் ஜேக்கப்ஸ். இசை விலைபோயிற்று, உடை விலைபோயிற்று, எஞ்சியிருந்தது மொழி.

அதனைத் தேடி 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் சப் பாப் நிறுவனத்தை அணுகினார். கிரஞ்ச் இளைஞர்களுக்கென்று தனிச்சொற்கள் இருக்கவேண்டுமே என்பது அவர் எதிர்பார்ப்பு. உண்மையில் அப்படியொரு தனி அகராதி அங்கு இல்லை. அந்நிறுவனத்தில் முன்பு வரவேற்பாளராகப் பணியாற்றிய மேகன் ஜாஸ்பரிடம் அவர் அனுப்பிவைக்கப்பட்டார். ஜாஸ்பருக்கு அப்போது 25 வயது. கேட்கக் கேட்க, வாய்க்கு வந்த சொற்களை அவர் அடுக்கினார். நாகரிகம் அறியாதவன் 'லேம்ஸ்டெயின்'. உருப்படாதவன் 'காப் நாப்ளர்'. ஏமாற்றம் தருவது 'ஹார்ஷ் ரெல்ம்'. நண்பர்களோடு பொழுதுபோக்குவது 'ஸ்விங்கிங் ஆன் தி ஃபிளிப்பிட்டி ஃபிளாப்'. எதிர்முனையில் இருப்பவர் எங்கேனும் ஓரிடத்தில் சிரித்துவிடுவார் என்றே அவர் எண்ணியிருந்தார். சிரிப்பு எழவில்லை. 1992 நவம்பர் 15 அன்று அச்சொற்கள் அகராதியாகவே நாளிதழில் வெளிவந்தன.

1993இல் 'தி பாஃப்ளர்' என்னும் சிற்றிதழில் தாமஸ் ஃபிராங்க் இக்குறும்பை வெளிப்படுத்தினார். சியாட்டில்காரர்களோ அப்பொய்ச்சொற்களையே பனியன்களில் அச்சிட்டு விற்றார்கள். இல்லாத குழூஉக்குறி, வெளியாரின் ஆவலால் உண்மைக் குழூஉக்குறி ஆயிற்று. இம்முறை அதன் பொருள், 'இவர்கள் ஏமாந்தவர்கள்' என்பது.

செய்தியாளரின் திறமைக்குறைவு என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. கூட்டத்தில் கலவாமல் கூட்டத்தின் சொல்லை மட்டும் பறித்துக்கொள்ள நினைத்தவருக்குப் போலியையும் மெய்யையும் பிரித்தறியும் வழி இல்லை. இதற்கு மாறான முன்னிகழ்வும் உண்டு. ஜாஸ் பாடகர் கேப் காலவே 1938இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி இசைக்கலைஞர்களின் சொற்களைத் தொகுத்து அகராதியாக வெளியிட்டார். உள்ளிருந்தவர் தாமே விரும்பிக் கொடுத்தது அது. ஆனால் கேளாமல் எடுப்பவர்களே மிகுதி. 2018இல், 1837ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட பிராக்டர் அண்ட் கேம்பிள், 'எல்ஓஎல்' போன்ற குறுஞ்செய்திச் சுருக்கங்களைச் சோப்பு முதலியவற்றின் வணிகச்சின்னமாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது.

ஆசிரியர்களாகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லோம். கடைசி வரிசையை ஈர்க்க எண்ணி, 'செம', 'மாஸ்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்ததுண்டு. சிரித்தார்கள். அச்சிரிப்பு சொல்லுக்கன்று, சொன்னவருக்கு என்பது விளங்கச் சில நாள்கள் ஆயின.

பின்னொரு நாள் கள்ளுக்குச் 'சொல்விளம்பி' என்று பெயர் வந்த காரணத்தை ஒரு மாணவி கேட்டாள். உண்டவனைப் பேசவைப்பது என்றோம். வகுப்பு முழுதும் நகைத்தது. மணியடித்த பின் அவள் நின்று, விடுதிச் சாம்பாருக்குத் தங்களுக்குள் வழங்கும் பெயரை, நாம் கேளாமலே சொல்லிச் சென்றாள். அருமையான சொல். அதனை இங்கு எழுதப்போவதில்லை.