முதல் மருத்துவமனை செய்ய வேண்டியது: கடலூர்–சிதம்பரம் பகுதியில் படுகாயச் சிகிச்சை

2023 ஜூன் 19 அன்று பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையே மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. உயிரிழப்புகள் நேர்ந்தன; காயமடைந்தோர் எழுபது பேருக்கும் மேல். பலரைச் சுமந்துகொண்டு ஆம்புலன்ஸ்கள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு விரைந்தன. இத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது கண்ணும் காதும் அலறுகிறவரை நோக்கியே போகும். ஆனால் அலறுகிறவருக்கு அந்தக் கணத்தில் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. வெளிறிப்போய், சத்தமில்லாமல், வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பவரைத்தான் மருத்துவர் முதலில் தொட வேண்டும்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: படுகாயமடைந்தவர் முதலில் போய்ச் சேரும் மருத்துவமனை, அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும் இடைநிலையம் அல்ல. பயணத்தைத் தாங்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவருவது அதன் கடமை. அதற்கு ஸ்கேன் கருவியோ நரம்பியல் அறுவை நிபுணரோ தேவையில்லை. பயிற்சி பெற்ற கைகளும், மாறாத ஒரு வரிசையும், அருகிலேயே ரத்தமும் வேண்டும்.

கடலூர் மாவட்டத்தின் அமைப்பே இதைக் கட்டாயமாக்குகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை கடலூரில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தெற்கே, சிதம்பரம் அண்ணாமலை நகரில். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இயங்குவது அதுதான். கடலூர் நகரத்தாருக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி ஜிப்மர். வடலூரிலோ புவனகிரியிலோ காட்டுமன்னார்கோயிலிலோ அடிபட்டவருக்கு இவை எல்லாமே தூரந்தான்.

படுகாயச் சிகிச்சைக்கு உலகெங்கும் இன்று பின்பற்றப்படும் முறையும் ஒரு பெருநகரத்தில் பிறந்ததல்ல. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா வயல்வெளியில், எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகள் பலத்த காயமடைந்தனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை அவரை உலுக்கியது. அந்த அனுபவத்திலிருந்து உருவான முறைக்கு 1978இல் நெப்ராஸ்காவிலேயே முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. எது முதலில் உயிரைப் பறிக்குமோ அதை முதலில் சரிசெய் என்பதே அதன் சாரம். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், மூளை நிலை, உடல் முழுவதையும் திறந்து பார்த்தல் என்று ஐந்து படிகள். பீறிட்டு வடியும் வெளிக் காயம் இருந்தால் அதை அழுத்தி நிறுத்துவது இந்த ஐந்துக்கும் முன்னால் வரும்.

நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்ட முப்பது வயது ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பேசுகிறார், நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 110/90. பிரஷர் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தால் அங்கேதான் ஆபத்து. சுமார் 70 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒன்றரை லிட்டர் போகும்வரை மேல் அழுத்தம் பெரிதாக விழாமல் இருக்கலாம். அதற்கு முன்பே நாடி வேகமெடுக்கும், தோல் சில்லிடும், மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி குறுகும். இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் அந்த ரத்தம் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது; உள்ளேயே தேங்கும்.

இங்கே செய்யக்கூடியது எளியது. மடித்த படுக்கை விரிப்பு ஒன்றை, வயிற்றைச் சுற்றி அல்ல, தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்திருக்கும் மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். கால்களை உட்புறமாகத் திருப்பி, முழங்கால்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். விரிப்பை இரண்டு அங்குலம் மேலே ஏற்றிக் கட்டினால் பயன் பெரும்பாலும் போய்விடும். நெஞ்சின் ஒரு பக்கம் மூச்சொலி இல்லாமல், அழுத்தமும் விழுந்துகொண்டிருந்தால், எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காமல் ஐந்தாம் விலா இடைவெளியில் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அழைத்தால் கண் திறக்காத, நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே உள்ளவருக்கு, ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்பே மூச்சுக்குழாய் பொருத்த வேண்டும்.

பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அது ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது, உடலைக் குளிர்விக்கிறது, உறைதலைக் கெடுக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டு ரத்தத்துக்கு மாறுவதே இன்றைய வழிகாட்டுதல். கடலூர் வெயிலில் குளிர் எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். ஆனால் ரத்தம் இழந்தவர் நனைந்த உடையோடு ஏ.சி. அறையில் கிடந்தாலே உடல் வெப்பம் இறங்கிவிடும். உடையை வெட்டி உடலைப் பார்த்தவுடன் போர்வையால் மூடிவிட வேண்டும்.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் விலை குறைந்த மருந்து. 40 நாடுகளில் 20,211 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான 'கிராஷ்-2' ஆய்வில், இது இறப்பு விகிதத்தை 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். அதற்குப் பின் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறக்கும் அபாயம் கூடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால் அந்த மூன்று மணி நேரத்தின் பெரும்பகுதி சாலையிலேயே கரைந்துவிடும்.

குழந்தைகளிடம் கணக்கு இன்னும் கடுமை. 2025 ஜூலை 8 அன்று கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. 20 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருப்பது சுமார் 1.6 லிட்டர் ரத்தம். அரை லிட்டர் போகும்வரைகூட அழுத்தம் இறங்காமல் நிற்கலாம். இறங்கிய பிறகு மீட்க நேரம் மிகக் குறைவு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது: சின்ன மருத்துவமனையில் வைத்துக்கொண்டு தாமதிப்பதும் கொல்லுமே? கொல்லும். உள்ளே ரத்தம் கசிபவருக்கு மருந்து, அறுவை அரங்குதான். எனவேதான் எதைச் செய்யக்கூடாது என்பதும் இந்த வரிசையில் அடங்கும். அனுப்ப வேண்டும் என்று தெரிந்த பிறகு, முடிவை மாற்றாத சி.டி. ஸ்கேனுக்காக அரைமணி நேரம் நிறுத்திவைப்பது தவறு. உயிரைக் காக்கும் வேலையை முடித்து, பேசவேண்டிய இடத்துக்குப் போன் பேசி, அனுப்ப வேண்டும். முதற்சிகிச்சை நடக்கும்போதே ஒருவர் அந்தப் போனைப் பேசிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

அரசின் பக்கம் பல கதவுகள் திறந்திருக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்காத நிலையை உருவாக்கியது. அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துவிட்டது. உதவ வந்தவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகளும் 17,884 உயிரிழப்புகளும் பதிவாயின.

ஆகவே அடுத்த வேலை கட்டடம் எழுப்புவதல்ல. மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு படுகாய நோயாளியோடும் ஒரே ஒரு தாள் போகட்டும். வந்த நேரம், மூச்சுப்பாதைக்குச் செய்தது, நெஞ்சுக்குச் செய்தது, இடுப்புக் கட்டு, டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்த நேரம், ஏற்றிய ரத்தம், நினைவு மதிப்பெண், யாரிடம் போனில் பேசியது, புறப்பட்ட நேரம் ஆகியவை அதில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நேரம் போகிறது, எந்தப் படி விடுபடுகிறது என்பது ஆறே மாதத்தில் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய அளவுக்குத் தெரிந்துவிடும். பயிற்சியை எங்கே தொடங்குவது என்பதை அதைக் கொண்டே முடிவு செய்யலாம்.