சாலைக் கடைத்தெரு: எழுச்சியும் தளர்ச்சியும்

திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய தமிழருள் சாலைக் கடைத்தெருவை அறியாதார் மிகச் சிலரே. நம் காலனிப் பெரியோர் பலர் இந்நகரில் இறங்கிய முதல் வாரத்திலேயே தமிழ்க் குரல் தேடிச் சென்ற இடம் அது. கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் அந்தத் தெரு, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இத்தலைநகருக்கு உணவும் உடையும் பாத்திரமும் பூவும் வழங்கி வந்துள்ளது. இன்று அதன் பொலிவு குன்றிவருவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. வருந்துவதோடு நில்லாமல், அது எவ்வாறு எழுந்தது, எதனால் தளர்ந்தது என்று ஆராய்தலும் நம் கடன்.

சரக்கையும் பார்சலையும் கணக்கெழுதும் தொழிலில் உள்ளோம் ஆதலின், கடைத்தெருவின் வரலாற்றை வழிகளின் வரலாறாகவே நாம் காண்கிறோம். சரக்கு வரும் வழியில் சந்தை பிறக்கும். வழி மாறினால் சந்தையும் தளரும். சாலையின் கதை இவ்வுண்மைக்கு நல்ல சான்று.

தோற்றம்

சாலை என்னும் பெயரைக் கேட்டதும் முதலாம் இராசராசன் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை நம் நினைவுக்கு வரும். இன்றைய வலியசாலைப் பகுதியே அது என்பார் உளர். அச்சாலை கல்விக்கூடமா, கப்பல் துறையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெயர் ஒற்றுமை ஒன்றைக் கொண்டே கடைத்தெருவின் பழமையை முடிவு செய்தல் பொருந்தாது.

நாமறிந்த சாலைச் சந்தையை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாசர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய விளவங்கோட்டுப் பகுதியிற் பிறந்த இவர், இளமையில் பொக்கு மூசா மரைக்காயர் என்னும் வணிகரிடம் கணக்கெழுதி வந்தார் என்பது செவிவழிச் செய்தி. கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜாவின் ஆட்சியில் (1758–1798) தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. கோயிலும் கோட்டையும் இருந்தால் மட்டும் தலைநகர் ஆகிவிடுமா? அங்கு வாழ்வோர்க்கு நாள்தோறும் அரிசியும் எண்ணெயும் வேண்டுமல்லவா? ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்த அதே திவான், கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு வெளியே கடைவீதி அமைத்து வணிகரைக் குடியேற்றினார். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. அங்கிருந்து வரும் வண்டிகள் கரமனை, கிள்ளியாறு ஆகிய இரண்டையும் கடந்து நகருக்குள் நுழையும் முகப்பிலேயே சந்தை அமைந்தது. இடத்தேர்வின் நுட்பம் அதுவே.

சரக்கு வந்த வழிகள்

நாகர்கோவில், தக்கலை வழியாக நெல்லும் அரிசியும் மாட்டு வண்டிகளில் வந்தன. தோவாளைப் பூ அன்று போல் இன்றும் சாலைப் பூக்கடைகளுக்கு வருகிறது. ஓணத்துக்கு மலையாளி இல்லங்களில் இடும் பூக்கோலத்திலும் தமிழ்நாட்டு உழவரின் வியர்வை உண்டு. ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் (1815–1829) வெட்டிய பார்வதி புத்தனாறு வழியே வடக்கிலிருந்து வந்த படகுகள் வள்ளக்கடவில் நின்றன. வடகிழக்கே பொன்முடி மலையடிவாரத்து மிளகும் பாக்கும் வாழைக்குலையும் நெடுமங்காட்டுச் சந்தை வழியாக இறங்கின. பொன்முடித் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களும் தீபாவளித் துணிக்கு இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சாலைக்கே வந்தன.

நெடுமங்காட்டுச் சந்தையைச் சொல்லுமிடத்து மகாத்மா அய்யன்காளியை நினையாதிருத்தல் தகாது. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் விளைபொருளைச் சந்தைக்குள் கொண்டுசெல்லவும் உரிமையற்றிருந்தனர். அத்தடையை உடைக்க 1912இல் அவர் அங்கே போராட நேர்ந்தது. பழைய சந்தைகளைப் புகழும்போது, அவை எல்லார்க்கும் எக்காலத்தும் திறந்திருந்தன என்று நாம் எண்ணிவிடலாகாது.

பின்னர் வந்தது நம் ரயில். 1904இல் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1918இல் அது திருவனந்தபுரத்துச் சாக்கை வரை நீண்டது. 1931இல் தம்பானூரை அடைந்தது. நிலையத்திலிருந்து சாலை கூப்பிடு தூரமே. நெல்லைச் சீமை வணிகருக்கு இனித் தடை ஏது? வேளாளர், செட்டியார், நாடார், ராவுத்தர் எனப் பல குலத்தாரும் சாலையிலும் ஆரியசாலையிலும் கடை வைத்தனர். கொத்தவால் தெரு, சபாபதி கோயில் தெரு என்னும் பெயர்களே தமிழர் குடியேற்றத்தின் அடையாளங்களாக நிற்கின்றன.

தெருவின் வாழ்க்கை

1990களின் தொடக்கத்தில், நம் சிறுவயதில் கண்ட சாலை இன்றும் கண்முன் நிற்கிறது. சம்பள நாளுக்கு மறுநாள் தந்தையார் இரண்டு துணிப்பைகளுடன் புறப்படுவார். நாமும் உடன் செல்வோம். மூட்டை சுமப்போர் வழிவிடச் சொல்லிக் கூவிக்கொண்டு விரைவர். வற்றல் மிளகாயின் நெடி ஒரு பக்கம், புதுப் பித்தளையின் ஒளி மறுபக்கம். பலசரக்குக் கடையில் நம் குடும்பத்துக்கென ஒரு பற்று வரவுப் புத்தகம் இருந்தது. தந்தையார் நோயுற்று மூன்று மாதம் சம்பளமின்றிக் கிடந்தபோது, அக்கடைக்காரர் பற்றெழுதிச் சரக்கு அனுப்பினாரேயன்றி ஒரு நாளும் பாக்கியைக் கேட்டாரில்லை. "அண்ணாச்சி எழுந்து நடமாடட்டும், கணக்கு எங்கே போய்விடும்?" என்றார். அந்த ஒரு சொல்லில் எங்கள் வீடு தலைநிமிர்ந்தது.

மற்றொரு நன்மையும் உண்டு. பள்ளியில் நாம் பயின்றது மலையாளம். புளியும் பருப்பும் கட்டிவந்த தமிழ்ப் பத்திரிகைத் தாள்களைப் பிரித்து, அன்னையார் எழுத்துக்கூட்டி வாசிக்கச் செய்தார். கடைப் பலகைகள் நமக்கு இரண்டாம் பாடநூல். இவ்வாறு பொட்டலத் தாளில் தமிழ் கற்றோர் நம் காலனியில் வேறு பலரும் உளர்.

இத்தெரு இலக்கியமும் தந்தது. சாலையிலேயே கடை நடத்திய ஆ. மாதவன் (1934–2021), அங்கு கண்ட மனிதரையே கதைமாந்தராக்கினார். அவருடைய கடைத்தெருக் கதைகள் தமிழகம் முழுதும் புகழ்பெற்றன. 2015ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருதும் அவரை வந்தடைந்தது.

தளர்ச்சி

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது தமிழர்க்கு உவகை அளித்தது. ஆயினும் சாலைக்கும் அதன் நெற்களஞ்சியத்துக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. சோதனைச் சாவடியும் விற்பனை வரியும் அரிசிக் கட்டுப்பாடும் வந்தன. 1979இல் கன்னியாகுமரி ரயில் பாதை திறந்ததும் உறவுகள் நெருங்கின. ஆனால் சரக்கு அதற்குள் லாரிக்கு மாறிவிட்டது. மாட்டு வண்டிக்கு அமைந்த தெருவில் லாரி எவ்வாறு திரும்பும்? மொத்த வணிகத்தின் ஒரு பகுதி ஆனயறைச் சந்தை போன்ற இடங்களுக்குச் சென்றது. 1974இல் தோன்றிய சப்ளைகோவின் கடைகள் நியாய விலையில் பொருள் தந்தன. ஏழைகளுக்கு அது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை. வணிகரின் மக்களும் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றனர்.

இறுதியாக வந்தவை மால் எனப்படும் பேரங்காடிகள். 2018இல் ஈஞ்சக்கலில் மால் ஆப் திருவாங்கூரும், 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் ஏறத்தாழ 20 லட்சம் சதுர அடிப் பரப்பில் லுலு மாலும் திறந்தன. இரண்டும் எங்கே உள்ளன என்று நோக்குக: தேசிய நெடுஞ்சாலையின் புறவழியில். ராஜா கேசவதாசர் வண்டிப் பாதையின் முகப்பில் சந்தை வைத்தார். இவர்கள் கார்ப் பாதையின் முகப்பில் வைத்தனர். விதி ஒன்றே.

மால்களுக்கும் இவ்விதியினின்று விலக்கில்லை. நம் மாநிலங்கள் பிரிந்த அதே 1956இல், அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரருகே சவுத்டேல் பேரங்காடி திறந்தது. முழுதும் கூரையிட்டுக் குளிரூட்டிய மால்களுக்கு அதுவே முன்னோடி. அதை அமைத்த விக்டர் குருயன் வியன்னாவிற் பிறந்தவர். மக்கள் நடந்து கூடிப் பேசும் பழைய நகர வீதியை மாற்றுருவில் படைக்க விரும்பியவர். விளைந்தது வேறென்று கண்டு பிற்காலத்தில் மனம் கசந்தார். இன்று அந்நாட்டிலேயே பல மால்கள் பூட்டிக் கிடக்கின்றன. சென்னையில் ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதிய ஸ்பென்சர் பிளாசாவும் புதிய மால்கள் எழுந்தபின் களையிழந்தது. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டோ 1985இல் தீக்கிரையாயிற்று. அந்நிலத்தில் இன்று நம் ரயில்வேயின் புறநகர் நிலையம் நிற்கிறது.

நம் கடமை

மாலுக்குச் செல்லும் இளைஞரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அங்கே வெயிலில்லை, மழையில்லை, பெண்டிரும் முதியோரும் அமர இடமுண்டு. எனினும் அங்கே நம் பெயரறிந்து பற்றெழுதுவார் இல்லை. குழந்தை கையில் தமிழ்த் தாள் கிடைப்பதுமில்லை. இவ்விரண்டும் கடைத்தெரு நமக்கு விலையின்றித் தந்தவை. அவற்றை இனி யார் தருவது? சங்கமன்றோ தரவேண்டும்!

ஆதலின் சங்கத்தார்க்குச் சில விண்ணப்பங்கள். சாலையில் வாணிகம் செய்த முதியோரின் நினைவுகளை, அவர்கள் நம்மிடையே உள்ளபோதே எழுதி வைப்போம். பழைய கணக்குப் பேரேடுகள், ரசீதுகள், கடைப் பலகைகளின் படங்கள் ஆகியவற்றைத் தொகுப்போம். வாரம் ஒரு நாள் நம் சிறார்க்குத் தமிழ் எழுத்து கற்பிப்போம். இடருற்ற குடும்பத்துக்கு உதவ ஒரு சிறு நிதியும் வைப்போம். சாலை இன்னும் மூடிவிடவில்லை. பூக்கடையும் பாத்திரக்கடையும் இன்றும் திறந்தே உள்ளன. மாதம் ஒரு முறையேனும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்று, தமிழில் விலை கேட்டு வாங்கி வருவோமாக.